ஆடலாசிரியரும் இசைஞரும்: ‘பயன்கொள்ளல்’ பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அரிஸ்ரோட்டில் தமது ‘அரசியல்’ என்னும் நூலின் முதற் பகுதியிலே அடிமை முறையை ஆராய்கின்றார். அடிமை என்பவன் உயிருள்ள ஒரு கருவி என்பது அவர் கொண்ட வரைவிலக்கணம். அவ்விடத்திலேயே அவர் ஒரு கற்பனையையும் முன்வைக்கின்றார். தறியின் நாடா தானாகவே நெய்யுமாயின், யாழை மீட்டும் கோல் தானாகவே மீட்டுமாயின், தொழிற்றலைவனுக்கு ஏவலாளரும் ஆண்டானுக்கு அடிமைகளும் வேண்டப்படார் என்பது அக்கற்பனையின் சாரம். நடக்கவியலாத ஒன்றைச் சுட்டி நடைமுறையிலிருந்ததை நியாயப்படுத்துவதே அவர் நோக்கமாயிருந்தது. ஆயின் அவர் நடக்கவியலாதெனக் கருதியது இன்று நடந்துவிட்டது. தறி தானாக நெய்கின்றது. யாழ் தானாக இசைக்கின்றது. உள்ளங்கையளவான கருவியொன்றில் விரல் பட்டதும் வேண்டிய வாத்தியம் வேண்டிய வேகத்தில் ஒலிக்கின்றது.

இம்மாற்றம் ஆழமாகத் தொட்ட இடங்களுள் ஒன்று பலராலும் கவனிக்கப்படாத ஓரிடமாகும். அது மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் நடைபெறும் நவீன நடன வகுப்பு. ஆசிரியர் முன்னே நின்று கற்பிக்க, கூடத்தின் மூலையிலே பியானோவின் முன்போ மேளங்களின் நடுவிலோ இசைஞர் ஒருவர் அமர்ந்து வகுப்பு முழுவதற்கும் வாசிப்பது அங்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நிலவிவரும் வழக்கம். அவரது வேலையை ஒலிப்பதிவு செய்துவிடும் என்று நிருவாகம் கூறும்போது, அதனை மறுப்போர் எதைக்கொண்டு மறுப்பது? இசைஞர் ஒரு கருவியே எனின் மறுப்பதற்கு இடமில்லை. மலிவான கருவி கிடைத்தபின்னர் விலைகூடிய கருவியை வைத்திருப்பது வீண்செலவு. அவர் கருவியல்லர் எனின், அவர் யார் என்பதும் ஆசிரியருக்கும் அவருக்குமிடையே நிலவும் உறவு எத்தகையது என்பதும் விளக்கப்படல் வேண்டும். இது வெறுஞ் சம்பளப் பிரச்சினையன்று. ஒருவர் தமது திறனை இன்னொருவரின் நோக்கத்துக்காகச் செலவிடும் இடங்களிலெல்லாம் எழும் அறவியற் பிரச்சினை இங்கே மிகக் குறுகிய ஓர் அறையினுள் அடைபட்டிருப்பதாற் கூர்மையாகத் தெரிகின்றது.

நவீன நடனம் பல்கலைக்கழகத்தினுட் புகுந்த வாயில் இப்பிரச்சினைக்கு ஒரு பகுதி விளக்கந் தருகின்றது. அமெரிக்காவிலே நடனத்திற் பட்டம் பெறுவதற்கான முதலாவது பாடநெறி 1926ஆம் ஆண்டு விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் டோப்ளர் என்பாரின் முயற்சியால் ஏற்பட்டது. அது இசைத்துறையிலோ நாடகத்துறையிலோ தோன்றியதன்று. பெண்களுக்கான உடற்கல்விப் பகுதியிலே தோன்றியது. டோப்ளர் மேடை நர்த்தகியுமல்லர். உயிரியல் பயின்று உடற்கல்வி கற்பித்தவர். நடனமும் ஓர் அறிவுத்துறையே என்று நிலைநாட்டுவது பெரும்பாடாயிருந்த அக்காலத்தில், மூலையிலிருந்து வாசிப்பவரின் தகுதி பற்றிய விசாரணைக்கு அவகாசம் இருந்திராது. உடற்பயிற்சிக் கூடத்திற் பந்தும் பாயும் போலப் பியானோவும் ஒரு வசதி. அதனை வாசிப்பவரும் அவ்வசதியின் ஒரு பகுதி என்று கொள்வது எளிதாயிற்று.

நமது மொழி வழக்கும் இவ்விடயத்திற் குற்றமற்றதன்று. ‘பக்கவாத்தியம்’ என்ற சொல் மனிதரைச் சுட்டுவதில்லை. கருவியைச் சுட்டுகின்றது, அக்கருவிக்குரிய இடத்தையும் சுட்டுகின்றது. ஈழத்து அரங்கேற்ற அழைப்பிதழ்களில் வழங்கும் ‘அணிசேர் கலைஞர்’ என்ற தொடர் இதனிலும் மேம்பட்டது. ‘கலைஞர்’ என்ற சொல்லேனும் அதிலே இடம்பெறுகின்றது. ‘அணி’ என்பது வரிசையா, ஆபரணமா என்பதை வாசிப்பவரின் பெருந்தன்மைக்கே விட்டுவிடலாம்.

இனி, வகுப்பிலே உண்மையில் நிகழ்வது யாது என்பதை நோக்குதல் தகும். ஆசிரியர் ஓர் அசைவுத் தொடரைச் செய்து காட்டுகின்றார். செய்துகாட்டும்போதே பாதி எண்ணிக்கையாகவும் பாதி வெற்றொலியாகவும் வாயால் ஏதோ சொல்கின்றார். இறுதியில் ‘ஐந்து, ஆறு, ஏழு, எட்டு’ என்கின்றார். எட்டு முடிந்த கணத்திலே இசை தொடங்கியாக வேண்டும். எழுதிவைத்த இசைப்பிரதி இல்லை; ஒத்திகை இல்லை. அந்தச் சில விநாடிகளுள் இசைஞர் பல முடிவுகளை எடுத்தாக வேண்டியிருக்கின்றது. ஆசிரியர் எண்ணிய எட்டு, எட்டு அட்சரங்களா, அன்றி ஒவ்வொன்றும் மும்மூன்றாய்ப் பிரியும் எட்டு ஆவர்த்தங்களா? ஆடுவோர் எண்ணும் முறையும் இசைப்போர் எண்ணும் முறையும் பெரும்பாலும் ஒன்றாயிருப்பதில்லை. ‘மெதுவாக’ என்று ஆசிரியர் கூறும்போது அவர் வேண்டுவது காலப்பிரமாணத்தின் தளர்வையா, உடலின் பாரத்தையா? சொல் ஒன்றே, பொருள் இரண்டு. எந்தப் பொருள் என்பது ஆசிரியரின் தோளிலும் முழங்காலிலும் தெரியும், அவர் வாயிலே தெரியாது.

மார்த்தா கிரஹாமின் முறையிலே, மூச்சு வெளியேற வயிறும் இடையும் உள்ளொடுங்கும் அசைவு அடிப்படையானது. டொரிஸ் ஹம்ஃபிறியின் முறையிலே உடல் சமநிலை இழந்து வீழ்வதும் மீள்வதும் அடிப்படை. முன்னதற்கு வாசிக்கும்போது ஒலி இறுகவேண்டும். பின்னதற்கு வாசிக்கும்போது வீழ்ச்சியின் விளிம்பிலே ஒலி ஒரு கணம் தயங்கி நிற்கவேண்டும். துள்ளற் பயிற்சியின்போது, உயரத் துள்ளவல்லோர் கூட்டம் கூடத்தைக் கடக்கையிற் காலப்பிரமாணம் சற்றே இளக வேண்டும். இல்லையேல் அவர்கள் உயரத்தின் பாதியிலேயே இறங்கிவிட நேரும். அடுத்துவரும் கூட்டத்துக்கு அது மீண்டும் இறுக வேண்டும். அதே பயிற்சி நான்காந் தடவை திரும்பும்போது மாணவரின் கால்கள் களைத்திருக்கும். காதுகள் அதனிலும் களைத்திருக்கும். அவ்வேளையில் இடக்கையின் நடையை மட்டும் மாற்றி, கணக்கைச் சிதைக்காமல், பழைய அசைவையே புதியதுபோற் காட்டும் இசைஞர் உளர். மாணவருக்கு நடந்தது தெரிவதில்லை. தமக்குத் திடீரென்று பலம் வந்துவிட்டதாகவே எண்ணுவர்.

இவையனைத்தும் தீர்ப்புக்கள் என்பதை வற்புறுத்த வேண்டியிருக்கின்றது. பார்த்து, பொருளுணர்ந்து, ஒன்றைத் தெரிந்து, தெரிந்ததிற் பிழை கண்டால் அடுத்த ஆவர்த்தத்திலே திருத்திக்கொள்ளும் அறிவின் தொழிற்பாடு இது. ஒலிப்பதிவும் ஒலிக்கின்றது, ஆயின் அது எவரையும் பார்ப்பதில்லை. அதற்கேற்ப மாணவர் தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம், மாணவருக்கேற்ப அது தன்னை ஒழுங்குபடுத்தாது. எனவே இசைஞர் போய் ஒலிப்பதிவு வந்த வகுப்பில் இல்லாமற் போவது ஒலியன்று, ஒரு சோடிக் கண்கள்.

இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலிலே வகுத்த விதி இவ்விடத்து நினைவுக்கு வருதல் இயல்பு. மனிதரை ஒருபோதும் வெறுஞ் சாதனமாக மட்டும் கொள்ளலாகாது. அவர்களை எப்போதும் தம்மளவில் நோக்கமாகவும் கொள்ளவேண்டும் என்பது அது. இவ்விதி அடிக்கடி தவறாக எடுத்தாளப்படுவதுண்டு. பிறரைச் சாதனமாகக் கொள்வதே பிழை என்று கான்ற் கூறவில்லை. தபாற்காரரையும் பேருந்துச் சாரதியையும் சாதனமாகக் கொள்ளாமல் ஒருநாளும் கழியாது. ‘மட்டும்’ என்ற சொல்லிலேதான் அவ்விதியின் முழுப் பாரமும் தங்கியுள்ளது. ஆகவே ஆசிரியர் தமது கற்பித்தலுக்காக இசைஞரைப் பயன்கொள்கிறார் என்பதனால் எவ்விதத் தவறும் நேர்ந்துவிடவில்லை. அந்தப் பயன்கொள்ளல் எவ்விடத்தில் ‘மட்டும்’ ஆகின்றது என்பதே வினா.

இதற்கு வழமையாகக் கூறப்படும் விடை, இசைவும் ஊதியமும் என்பதாகும். இசைஞர் தாமாகவே வருகின்றார், கூலியும் பெறுகின்றார். அதனால் அவர் வெறுஞ் சாதனமல்லர் என்பர். இவ்விடை போதுமானதன்று. இசைந்து வந்து ஊதியமும் பெற்ற ஒருவரை ஒன்றரை மணிநேரம் ஒரு கடிகாரம்போல நடத்துதல் முற்றிலும் இயலக்கூடியதே. திரும்பிப் பாராமலே கையசைத்து இசையை நிறுத்துதல், வாசிப்புக்கு மேலாகக் கைதட்டி வேறொரு வேகத்தைத் திணித்தல், ‘இசை பிழைத்துவிட்டது’ என்று மாணவரை நோக்கிக் கூறுதல் ஆகியவை தனித்தனியே அற்பமானவை. எவரும் முறைப்பாடு எழுதக்கூடியவையல்ல. அவற்றுக்குப் பொதுவான இயல்பொன்று உண்டு. ஆசிரியர் இசைஞரின் தீர்ப்பிலே முற்றாகத் தங்கியிருக்கின்றார். அதேவேளை அத்தகைய தீர்ப்பு எதுவும் அங்கு இல்லையென்பதுபோல நடந்துகொள்கின்றார். ஒருவரின் உடலுழைப்பைப் பெற்று அதற்கு விலை கொடாமை ஓர் அநீதி. ஒருவரின் அறிவைப் பெற்று, பெற்றது அறிவே அன்று எனல் அதனின் வேறான அநீதி. பின்னையதைக் கூலி உயர்வினாற் சரிசெய்தல் இயலாது.

அமெரிக்க நவீன நடனத்தின் வரலாறு இவ்வுறவின் வெவ்வேறு வடிவங்களைத் தெளிவாகக் காட்டுகின்றது. லூயிஸ் ஹோர்ஸ்ட் 1884இற் பிறந்தவர். கிரஹாமிலும் பத்து ஆண்டுகள் மூத்தவர். டெனிஷோன் நடனக் குழுவின் இசைநெறியாளராகப் பத்தாண்டுகள் பணியாற்றியபின், 1926 முதல் 1948 வரை கிரஹாமின் இசைநெறியாளராக விளங்கினார். கிரஹாமின் ‘ஆதி மறைபொருள்கள்’ (1931), ‘எல்லைப்புறம்’ (1935) ஆகியவற்றின் இசை அவருடையது. நடனம் முதலில் அமைக்கப்பட்டபின் அதற்கேற்ப இசையை எழுதுவது அவர் கைக்கொண்ட முறை. மேலோட்டமாக நோக்கின் இதனை இசையின் முழுமையான அடிபணிவு எனலாம். எழுதுவதற்கு முன்னரே நீளமும் வடிவமும் பிறரால் முடிவுசெய்யப்பட்ட இசையன்றோ அது!

ஆயின் அதே ஹோர்ஸ்ட், 1934இற் பென்னிங்ரன் கல்லூரியில் மார்த்தா ஹில் தலைமையில் தொடங்கிய கோடைகால நடனப் பள்ளியிலே, நடனக்காரருக்கு நடன ஆக்கத்தைக் கற்பிக்கும் ஆசிரியராக இருந்தார். பவான், ஜீக் முதலிய பழைய ஐரோப்பிய ஆடல் வடிவங்களின் இசைக்கட்டுக்கோப்பை அடிப்படையாகக் கொண்டு, அசைவை ஒழுங்குபடுத்தும் முறையை அவர் பயிற்றினார். மாணவர் கொண்டுவந்த ஆக்கங்களைத் தயவுதாட்சணியமின்றிக் கண்டிப்பவர் என்று பெயரெடுத்தவர் அவர். ‘நடன அவதானி’ என்ற பொருள்படும் பெயரைக்கொண்ட சஞ்சிகையை அதே ஆண்டில் நிறுவி நடத்தியவரும் அவரே. ஆகவே மேடைக்கான ஆக்கத்திலே பின்னால் வந்த இசைஞர், வகுப்பறையிலே முன்னால் நின்றார். அவரது பணிவு அடிமைத்தனமாகாமைக்குக் காரணம் இதிலே தெரிகின்றது. ‘இது சரியில்லை’ என்று சொல்லும் உரிமை அவரிடம் இருந்தது. அதனைச் சொன்னபோது கேட்கும் காதுகளும் இருந்தன. மறுக்கும் ஆற்றலுடைய ஒருவர் மனமுவந்து பின்னே செல்வது ஒன்று, மறுக்கவே வாயில்லாத ஒருவர் பின்னே செல்வது வேறொன்று. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே காட்சியாகத் தோன்றுவதுதான் சிக்கல்.

ஜோன் கேஜின் வரலாறு வேறு. பின்னாளில் உலகப் புகழடைந்த இவ்விசையமைப்பாளர் 1938இற் சியாற்றில் நகரின் கோர்னிஷ் கலைப்பள்ளியிலே பொனி பேர்ட் என்ற நடன ஆசிரியையின் வகுப்புக்களுக்கு வாசிப்பவராகச் சேர்ந்தார். அங்கே 1940இல் சிவில்லா ஃபோர்ட் என்ற கறுப்பின நடன மாணவி, தாம் அமைத்த ‘பக்கனால்’ என்னும் நடனத்துக்கு இசை வேண்டினார். கேஜ் அப்போது தாளவாத்தியக் குழுக்களுக்கே மிகுதியும் எழுதிவந்தார். அரங்கிலோ ஒரு பியானோவுக்கு மட்டுமே இடமிருந்தது. ஆகவே அவர் பியானோவின் தந்திகளுக்கிடையே திருகாணிகளையும் வேறு சிறு பொருள்களையும் செருகி, ஒரே வாத்தியத்தைத் தாளவாத்தியக் குழுவாக மாற்றினார். ‘ஆயத்தம் செய்யப்பட்ட பியானோ’ என்று இருபதாம் நூற்றாண்டு இசைவரலாறு போற்றும் கண்டுபிடிப்பு இவ்வாறு பிறந்தது. தூய இசைக்கான தேடலிலே தோன்றியதன்று அது. வேறொருவரின் ஆடலுக்குத் துணைசெய்யும் நெருக்கடியிலே தோன்றியது. பிறருடைய நோக்கத்துக்கு உழைப்பவருக்குப் படைப்பாற்றல் வாய்க்காது என்ற எண்ணத்துக்கு இதனிலும் நேரடியான மறுப்புத் தேவையில்லை.

இந்நிகழ்ச்சிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இசைவரலாறுகளிலே கேஜின் பெயருக்கு ஓர் அதிகாரம் கிடைக்கும். ஃபோர்டின் பெயருக்கு ஒரு வசனம் கிடைத்தால் அதிகம். அவர் பின்னர் நியூயோர்க்கிலே பல்லாண்டுகள் நடனம் கற்பித்து ஒரு தலைமுறையினரை உருவாக்கியவர். அது இசைவரலாற்றாசிரியருக்குப் பொருட்டாகத் தோன்றவில்லை. ஆகவே மறக்கப்படுபவர் எப்போதும் இசைஞர்தாம் என்று கொள்வதற்கில்லை. நடனத்தின் வரலாற்றை எழுதுபவர் இசைஞரைக் கருவியாக்குகின்றார். இசையின் வரலாற்றை எழுதுபவர் நடனக்காரியைச் சந்தர்ப்பமாக்குகின்றார். எந்தத் துறை எழுதுகோலைப் பிடித்திருக்கின்றதோ அதற்கு மற்றையது பக்கவாத்தியம். கறுப்பினப் பெண்ணொருவர் இவ்விதம் சந்தர்ப்பமாகிப் போனதில் நிறத்துக்கும் பாலுக்கும் பங்கில்லையென்று கூறுவார் எவருமிலர்.

கோர்னிஷிலே கேஜ் சந்தித்த மாணவர்களுள் ஒருவர் மேர்ஸ் கனிங்ஹாம். 1953இற் பிளாக் மவுண்டன் கல்லூரியிலே கனிங்ஹாமின் நடனக்குழு உருவானபின் இருவரும் சேர்ந்து நடைமுறைப்படுத்திய கொள்கை நன்கறியப்பட்டது. இசை நடனத்தைப் பின்பற்றாது, நடனம் இசையைப் பின்பற்றாது. இரண்டும் தனித்தனியே ஆக்கப்பட்டு, ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிகழும். நடனக்காரர் மௌனத்திலே பயின்று, இசையைப் பெரும்பாலும் மேடையிலேதான் முதன்முறை கேட்பர். ஆண்டான், அடிமை என்ற பிரச்சினைக்கு இது முடிவான தீர்வு என்று கருதியோர் பலர். எவரும் எவருக்கும் ஊழியம் செய்யவில்லையாயின் எவரும் தாழ்ந்தவராகார் அல்லவா?

இத்தீர்வு அழகியலளவிற் பெரும் பயன் விளைத்ததென்பதில் ஐயமில்லை. அறவியலளவில் அது பிரச்சினையைத் தீர்த்ததிலும் பார்க்க அதனை விலகிச் சென்றது என்பதே பொருந்தும். இருவர் ஒருவரையொருவர் ஒடுக்காதிருப்பதற்கு மிக இலகுவான வழி ஒருவரையொருவர் கேளாதிருத்தல். அயலவர் இருவர் வேலியை உயர்த்திக்கொண்டு சமாதானமாக வாழ்வது போன்றது அது. மேலும், மேடையிலே இக்கொள்கை நிலவியபோதும், கனிங்ஹாமின் பயிற்சி வகுப்புக்களில் இசைஞர் ஒருவர் அமர்ந்து வாசிக்கவே செய்தார். ஆசிரியரின் எண்ணிக்கைக்கே வாசித்தார். சுதந்திரம் அரங்கிலே பிரகடனப்படுத்தப்பட்டது. காலைநேர வகுப்பிலே பழைய உறவு தொடர்ந்தது. கோட்பாடுகள் மேடையைப் பற்றியே எழுதப்படுவதனால் இம்முரண்பாடு பெரிதும் பேசப்படவில்லை.

அவ்விதம் மூலையிலிருந்து வாசித்தவர்களுள் ஒருவரே றொபேட் டன். கேஜின் மாணவராயிருந்த இவ்விசைஞர், கேஜின் வேண்டுகோளுக்கிணங்க 1960இல் கனிங்ஹாமின் கலைக்கூடத்திலே நடன ஆக்க வகுப்பொன்றைத் தொடங்கினார். இவொன் றெய்னர், ஸ்ரீவ் பக்ஸ்ரன் முதலியோர் அதிலே பயின்றனர். 1962 ஜூலையில் அவர்கள் நியூயோர்க்கின் ஜட்சன் நினைவுத் தேவாலயத்தில் நடத்திய நிகழ்ச்சியோடு நடன வரலாற்றிலே ஒரு புதிய காலகட்டம் தொடங்குவதாகக் கூறுவர். ஆண்டுக்கணக்காக ஆசிரியர்களையும் மாணவர்களையும் பார்த்துக்கொண்டே வாசித்தவருக்கு நடனம் பற்றி யாதும் தெரியாதிருக்குமென்று எவ்வாறு எதிர்பார்க்கலாம்? வகுப்பிலே ஆடாமலும் கற்பியாமலும் தொடக்கம் முதல் இறுதிவரை அனைவரையும் நோக்கிக்கொண்டிருப்பவர் அவர் ஒருவரே.

இதுவரை கூறியவற்றில் ஆசிரியர் வழிநடத்த இசைஞர் பின்செல்வது இயல்பென்றே கொள்ளப்பட்டது. அது எங்கும் அவ்வாறில்லை. மேற்காபிரிக்க ஆடல்கள் பலவற்றிலே முதன்மை மேளக்காரர் குறித்ததொரு சொற்கட்டை வாசித்ததும் ஆடுவோர் அனைவரும் அடியை மாற்றுவர். அக்குறிப்பைத் தருபவர் அவர். ஆசிரியரும் அதற்குச் செவிசாய்த்தே நிற்கவேண்டும். கானாவின் லெகோன் பல்கலைக்கழகத்திலே 1962இல் குவாபெனா நிகெற்றியா, மவேரே ஒப்போக்கு ஆகியோரின் முயற்சியால் நடனக்குழு அமைந்தபோது, பட்டம் பெறாத கைதேர்ந்த மேளக்காரர்கள் பல்கலைக்கழகத்தினுட் கொண்டுவரப்பட்டனர். அறிவின் ஒரு பகுதி அவர்களிடமே இருந்தது, வேறெவரிடமும் இல்லை என்பது அங்கே மறைக்கவியலாத உண்மை.

ஈழத்தமிழர் மரபிலும் இதற்கு இணையுண்டு. கூத்திலே ஆட்டம் பழக்குபவரும் மத்தளம் கொட்டுபவரும் பெரும்பாலும் ஒருவரே, அவர் அண்ணாவியார். பரதநாட்டியத்திலும் ஆசிரியரே தாளமேந்திச் சொற்கட்டுச் சொல்லி நட்டுவாங்கம் செய்கின்றார். தட்டுக்கழி பிடித்த கை லயத்தின் பாரத்தை அறியும். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றை மேடையேற்றிக் கூத்தைப் பல்கலைக்கழக அரங்குக்குக் கொணர்ந்தபோது, நவீன அரங்கின் நெறியாளர் என்ற பதவி அண்ணாவியாருக்கு அருகிலே வந்து நின்றது. ஒருவரிடம் குவிந்திருந்த தொழில்கள் பலரிடையே பகிரப்படுவது வளர்ச்சியின் விளைவு; அதனைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயின் தொழில் பிரிகையில் மதிப்பும் அதே விகிதத்திற் பிரிகின்றதா என்று கேட்க வேண்டும். இக்கேள்வி மேனாட்டு நடனக்கூடத்துக்கு மட்டும் உரியதன்று.

இனி எதிர்வாதத்தையும் நோக்குதல் வேண்டும். வகுப்பு மாணவருக்காக நடப்பது. இசைஞரின் ஆத்மதிருப்திக்காக நடப்பதன்று. மாணவரின் முழங்கால் முறியாது காக்கும் பொறுப்பு ஆசிரியருடையது. பொறுப்பு எவரிடமோ அதிகாரமும் அவரிடமே இருத்தல் நியாயம். இவ்வாதத்திற் பெரும்பகுதி ஏற்கத்தக்கது. தம் விரல்களின் சாதுரியத்தைக் காட்டுவதற்காக, மாணவர் பின்தொடர இயலாத கணக்குகளை வாசிக்கும் இசைஞரும் உளர். அவர்கள் செய்வதும் மேற்கூறிய அநீதியே. மாணவரின் உடல்கள் அவர்களது இசைக்கு வெறுஞ் சாதனமாகிவிடுகின்றன. சமத்துவம் என்பது இருவருக்கும் சம அதிகாரம் என்று பொருள்படுமாயின் வகுப்பு நடைபெறாது.

ஆயின் அதிகாரம் வேறு, தீர்ப்பை ஏகபோகமாக்குதல் வேறு. வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரத்திலே, ஒரு வினையை முடிக்கவல்லான் இவனென்று ஆராய்ந்து தெளிந்தபின் அவ்வினையை அவனிடமே விட்டுவிடுதல் வேண்டும் என்கின்றார். அது அரசனுக்குச் சொன்னது. ஆளுவோன், ஆளப்படுவோன் என்ற வேறுபாட்டை அது அகற்றவில்லை. எனினும் ஒப்படைத்தலோடு நில்லாமல் விட்டுவிடுதலையும் வற்புறுத்துவதிலே அதன் நுட்பம் இருக்கின்றது. நல்ல நடன ஆசிரியர் செய்வதும் அதுவே. அவர் பயிற்சியின் நோக்கத்தைக் கூறுவார், வாத்தியத்தின் ஒவ்வோர் ஒலியையும் கட்டளையிடார். இசைஞர் எதிர்பாராத ஒன்றை வாசித்தால் முதலில் அதனைக் கேட்பார். சில வேளைகளில் அசைவை அதற்கேற்ப மாற்றியுங்கொள்வார். இறுதி முடிவு அவருடையதே, ஆயின் அம்முடிவுக்கு வரும் வழியிலே இன்னொரு மனிதர் நிற்கின்றார். மாணவர் இதனைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். ஓர் அறிஞர் இன்னோர் அறிஞரின் கவனத்தை எவ்வாறு பெற்றுக்கொள்கின்றார் என்பதை அவர்கள் எந்த விரிவுரையிலும் பெறாத முறையிலே அங்கே பெறுகின்றனர். மூலையை நோக்கிக் கையசைக்கும் ஆசிரியரிடமும் அவர்கள் கற்கவே செய்கின்றனர்.

பல்கலைக்கழகம் என்ற நிறுவனத்தின் பங்கு இங்கே தனியாக நோக்கத்தக்கது. பல்கலைக்கழகம் எழுத்தை நம்பும் நிறுவனம். கட்டுரையும் நூலும் அச்சிட்ட இசைப்பிரதியும் பதவியுயர்வுக்குக் கணிக்கப்படும். வகுப்பிலே அவ்வப்போது பிறந்து மறையும் இசைக்குப் பிரதி இல்லை. பிரதியில்லாதது நடைபெறவில்லை என்பதே நிருவாகத்தின் தருக்கம். இதனால் பல இடங்களில் இவ்விசைஞர்கள் மணித்தியாலக் கணக்கிலே ஊதியம் பெறுவோராயும், ஒரு சில இடங்களில் மட்டும் ‘நடனத்துக்கான இசை’ போன்ற பாடங்களைக் கற்பிக்கும் விரிவுரையாளராயும் இருக்கின்றனர். விரிவுரையாளரானவர் வாசிப்பதும் மணிக்கணக்கில் வருபவர் வாசிப்பதும் ஒரே வேலை. முன்னவருக்குப் பெயர்ப்பலகை கிடைத்ததற்குக் காரணம் அவர் வாசிப்பதன்று, வாசிப்பதைப் பற்றிப் பேசுவது. மேலும், வகுப்பிலே இசைஞர் ஒருநாள் வாசித்த சந்தமொன்று ஆசிரியரின் மனத்திலே தங்கி ஆறு மாதங்களின் பின் ஒரு நடனமாக வெளிப்படக்கூடும். நிகழ்ச்சிநிரலில் நடன ஆக்கம் இன்னாருடையது என்றிருக்கும். அது திருட்டன்று; எவரும் திருடவில்லை. ஆயினும் எங்கோ ஒரு கடன் எழுதப்படாமல் இருக்கின்றது.

ஒலிப்பதிவுக்குத் திரும்பினால், விடயம் தோன்றியதிலும் சிக்கலானது. நடன வகுப்புக்கென வெளியிடப்படும் இசைப்பதிவுகளை ஆக்குபவர் வேறெவருமல்லர். மூலைகளிலிருந்து வாசித்த அதே இசைஞர்களே. பல்லாண்டு அனுபவத்தால் எந்தப் பயிற்சிக்கு எந்த நடை, எத்தனை ஆவர்த்தம் என்றறிந்த ஒருவர் அவ்வறிவைப் பதிவாக்கி விற்கின்றார். மணித்தியாலக் கூலியிலே வாழ்பவர் வேறென்ன செய்வார்? அப்பதிவிலே முதன்முறையாக அவரது பெயர் அச்சிடப்படுகின்றது. ஒருபோதும் பிரதியாகாதிருந்த அவரது இசை பிரதியாகின்றது. பல்கலைக்கழகம் கணிக்கக்கூடிய உருவத்தை அடைகின்றது. அதே பதிவு தொலைவிலுள்ள இன்னொரு கல்லூரியிலே இன்னோர் இசைஞரின் இருக்கையை வெறுமையாக்குகின்றது. இசைஞரே இல்லாத சிறிய ஊரிலுள்ள ஆசிரியருக்கோ அது வரப்பிரசாதம். அவரது மாணவர் அதுவின்றி மௌனத்திலோ தொடர்பற்ற சினிமாப் பாட்டிலோ பயின்றிருப்பர். தம்மைக் கருவியாக்காதீர் என்று கூறும் உரிமையுள்ள ஒருவரே தமது தீர்ப்பைக் கருவியாக்கி விற்கும்போது, அவரைக் குறைகூறுவோர் அவருக்கு எத்தகைய வேறு வழியைத் திறந்து வைத்திருந்தனர் என்பதையும் கூறக் கடமைப்பட்டுள்ளனர்.